சதப் பங்கும் சட்டத்தின் நாட்கணக்கும்

மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் பொல்பிட்டியவில் ஒன்று கூடுகின்றன. அதன் பின்னரே அந்நீருக்குக் களனி கங்கை என்னும் பெயர் வழங்குகிறது. மேலே நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா, அட்டன் எனத் தேயிலை மலைகள் அடுக்கடுக்காக உயர்கின்றன. கீழே கித்துல்கலையைக் கடந்து சென்றால் இறப்பர் மரங்களின் நிழல் தொடங்குகிறது. இலங்கைப் பெருந்தோட்டங்களின் இருபெரும் பயிர்களையும் ஏறக்குறைய ஓரிடத்தில் நின்று எண்ணிப் பார்ப்பதற்கு ஏற்ற ஊர் இது. ஆயினும், அம்மலைகள் யாருக்கு உரியன என்பதை அங்கு நிற்பவர் மண்ணைப் பார்த்து அறிந்துகொள்ள இயலாது. நெடுங்காலமாகவே தோட்டங்களின் உடைமை கடதாசியில் இருந்தது. அக்கடதாசி கொழும்பிலும் இலண்டனிலும் கைமாறிக்கொண்டிருந்தது.

அக்கடதாசிக்குப் பங்கு என்று பெயர். அதனை வாங்கித் தருபவரும் விற்றுத் தருபவரும் தரகர். தரகரை நம்பிப் பணம் கொடுத்தவர், அவர் தம்மை வஞ்சித்தார் என்று கண்டால், எத்தனை ஆண்டுகளுக்குள் நீதிமன்றத்துக்குச் செல்லவேண்டும்? அந்த ஆண்டுகளை எந்த நாளிலிருந்து எண்ணவேண்டும்? எல்லை கடந்துவிட்டால், வழக்கு எவ்வளவு நியாயமானதாக இருப்பினும் நீதிபதி அதன் உள்ளே புகுந்து பார்க்கமாட்டார். மிகக் குறைந்த விலையில் பேசப்படும் பங்குகளை அமெரிக்கர் பென்னிப் பங்குகள் என்பர். நம் நாட்டு நாணயத்தை வைத்துச் சதப் பங்குகள் என்று நாம் சொல்லலாம். இவற்றை வாங்குவோர் பெரும்பாலும் பெருஞ்செல்வரல்லர். எழுதுவினைஞர், ஆசிரியர், சிறு கடைக்காரர், ஓய்வூதியம் பெறுவோர் முதலியோரே. ஆகையால், சட்டத்தின் இந்த நாட்கணக்கு யாரை நினைத்து வகுக்கப்பட்டது என்பது வரலாற்றில் தேடிப் பார்க்கத்தக்கது.

மலைநாட்டில் முதலில் காப்பி இருந்தது. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் காப்பி இலையில் துருநோய் காணப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அப்பயிர் அழிவை எட்டியது. 1884ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் ஒரியன்டல் வங்கி கதவடைத்தது. அதன் நோட்டுகளை வைத்திருந்தவர்கள் தவித்தபோது, தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அரசாங்கத்தின் பெயரால் அந்நோட்டுகளுக்குப் பொறுப்பேற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. அதைவிடக் குறைவாகப் பேசப்படும் விளைவு ஒன்று உண்டு. காப்பிக் காலத்தில் ஒரு துரை தம் தோட்டத்தைத் தாமே வைத்திருந்தார். கடன் பட்டால் தாமே பட்டார். அழிந்தால் தாமே அழிந்தார். தேயிலைக் காலத்திலோ தோட்டங்கள் கம்பனிகளுக்குள் அடங்கத் தொடங்கின. கம்பனி என்றால் பங்கு. பங்கு என்றால் அதை விற்கும் சந்தை. 1896ஆம் ஆண்டில் கொழும்பில் பங்குத் தரகர்கள் சங்கமாகக் கூடி முறைப்படி வணிகம் செய்யத் தொடங்கினர். இன்றைய கொழும்புப் பங்குப் பரிவர்த்தனையின் தொடக்கம் அதுவே. அங்கு முதலில் கைமாறியவை தோட்டக் கம்பனிகளின் பங்குகள்.

இனி இறப்பரின் கதை. 1876இல் கியூ பூங்காவிலிருந்து அனுப்பப்பட்ட கன்றுகள் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. முப்பது ஆண்டுகள் அவற்றைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. மோட்டார் வண்டி வந்தது. சக்கரத்துக்கு இறப்பர் வேண்டியிருந்தது. 1910ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இலண்டன் சந்தையில் ஓர் இறாத்தல் இறப்பரின் விலை 12 ஷில்லிங்கையும் தாண்டியது. அப்போது எழுந்த பங்கு வெறியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் விலைகளையே குறிப்பிடுவர். நம் பொருளுக்கு வேண்டியது வேறொன்று: பங்கின் முகப்பெறுமதி. அதுவரை இங்கிலாந்தில் ஒரு பங்கு பெரும்பாலும் ஒரு பவுண், அதாவது 20 ஷில்லிங், என்னும் அளவில் இருந்தது. இறப்பர்க் கம்பனிகள் பல 2 ஷில்லிங் பங்குகளை வெளியிட்டன. இரண்டு ஷில்லிங் என்பது வெள்ளி நாணயம் ஒன்று. அந்த ஒற்றை நாணயத்தின் அளவுக்குப் பங்கைச் சிறிதாக்கியதனால், முன்னர் பங்குச் சந்தையின் வாசலையே மிதியாத மக்களும் உள்ளே வந்தனர். மலாயாவிலும் இலங்கையிலும் உள்ள மரங்களைக் கண்ணால் கண்டிராத இலண்டன் கடைச் சிப்பந்திகள் அம்மரங்களின் உரிமையாளராயினர்.

அந்த ஆண்டு முடிவதற்குள் இறப்பரின் விலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 1921ஆம் ஆண்டளவில் இறாத்தல் ஒரு ஷில்லிங்குக்கும் கீழே இறங்கியது. சாங்காய் நகரில் இறப்பர்ப் பங்குகளை நம்பிக் கடன் கொடுத்திருந்த சீன நாட்டு வங்கிகள் 1910 ஜூலையிலேயே முறிந்தன. சிச்சுவான் மாகாணத்தில் இரயில்பாதைக்கென மக்கள் செலுத்திய பணத்தின் ஒரு பகுதியும் அவ்வீழ்ச்சியில் மறைந்தது. அதனால் எழுந்த மனக்குறை 1911ஆம் ஆண்டுப் புரட்சிக்கு வழிவிட்ட காரணங்களுள் ஒன்றாயிற்று. தென்னாசியத் தோட்டங்களின் பால் ஒரு பேரரசின் அடித்தளத்தையும் நனைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

விலை வீழ்ச்சி தரகரின் குற்றமன்று. இதனை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சந்தையில் இறங்கியவர் சந்தையின் இழப்பையும் ஏற்கக் கடமைப்பட்டவர். தரகர்மேல் வழக்குக்கு இடம் தருவன வேறு செயல்கள். வாடிக்கையாளர் சொல்லாத பங்கை வாங்குதல். வாங்கியதாகச் சொல்லி வாங்காதிருத்தல். தம்மிடம் விலைபோகாமல் கிடக்கும் பங்கைப் பிறர் பங்கு போலக் காட்டி உயர்ந்த விலைக்குத் தள்ளிவிடுதல். தரகுப் பணத்துக்காகவே ஓயாது வாங்கி விற்றல். விற்ற பணத்தைக் கொடாது வைத்திருத்தல் ஆகியன. சதப் பங்கில் இவை மற்றப் பங்குகளைவிட எளிதில் நடைபெறும். அப்பங்கை வாங்குவோரும் விற்போரும் சிலரே ஆதலால், உண்மையான விலை எது என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. தரகர் சொல்லும் விலையே விலையாகிறது. ஒரு சதம் ஏறினால் பத்தில் ஒரு பங்கு இலாபம்; அதுவே இறங்கினால், வாங்கியவர் தம் மதிக்குறைவு என்று தம்மையே நொந்துகொண்டு வாளாவிருப்பார். வஞ்சனைக்கும் நட்டத்துக்கும் வேறுபாடு தெரிய ஆண்டுகள் செல்லும். வழக்கின் காலம் அதற்குள் ஓடிவிடும்.

இந்தக் காலக்கணக்கை வகுத்தவர் யார்? இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், 1623ஆம் ஆண்டில், ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கடனுக்கும் உடன்படிக்கைக்கும் ஆறு ஆண்டு என்ற எல்லையை அது விதித்தது. சாட்சிகள் இறந்துபோவர், இரசீதுகள் தொலைந்துபோகும், ஒருவனைத் தலைமுறை தலைமுறையாக வழக்குப் பயத்தில் வைத்திருப்பது முறையன்று என்பன அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். அவை நல்ல காரணங்களே. ஆனால், அச்சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. வணிகருக்கும் வணிகருக்கும், அவர்தம் முகவருக்கும் இடையே நிகழும் வாணிபக் கணக்குகளுக்கு அந்த ஆறு ஆண்டு எல்லை இல்லை. கணக்கேடு வைத்திருப்பவர், தமக்குள் ஆண்டுக்கணக்காகப் பற்றும் வரவும் ஓடிக்கொண்டிருப்பவர், எப்போது வேண்டுமாயினும் கணக்குக் கேட்கலாம். இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்த இவ்விலக்கு 1856ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டது. மற்றையோருக்குக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்த காலமெல்லாம் வணிகர்க்கு அது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

இலங்கையில் ஒல்லாந்தர் கொண்டுவந்த உரோம-டச்சுச் சட்டத்தின்படி, நூறாண்டில் மூன்றில் ஒரு பங்கு காலம், ஏறத்தாழ முப்பத்து மூன்று ஆண்டு, கடந்தாலே பல உரிமைகள் அற்றுப்போகும். ஆங்கிலேயர் அதைச் சுருக்கினர். 1822ஆம் ஆண்டு ஒரு பிரமாணம், 1834இல் ஒரு கட்டளைச் சட்டம், இறுதியில் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச் சட்டம். காப்பியில் துரு விழுந்து இரண்டாண்டே ஆகியிருந்த நேரம் அது. அதே 1871இல் இந்தியாவிலும் ஒரு காலவரையறைச் சட்டம் நிறைவேறியது. இந்தியா அதன்பின் 1877, 1908, 1963 என மும்முறை தன் சட்டத்தைப் புதிதாக எழுதிக்கொண்டது. இலங்கையில் 1871ஆம் ஆண்டின் சட்டமே சில திருத்தங்களுடன் இன்றும் வழங்குகிறது.

அச்சட்டத்தின் எண்களைச் சற்று நின்று நோக்கவேண்டும். அசையா ஆதனத்தின் ஈட்டுக்கடனுக்குப் பத்து ஆண்டு. எழுத்தாலான வாக்குறுதிக்கும் உடன்படிக்கைக்கும் ஆறு ஆண்டு. எழுத்தில்லாத உடன்படிக்கைக்கு மூன்று ஆண்டு. ஒருவர் இழைத்த தீங்குக்கு நட்டஈடு கேட்க இரண்டு ஆண்டு. எந்த வகையிலும் அடங்காத ஏனைய வழக்குகளுக்கு மூன்று ஆண்டு. கடைக்கணக்குக்கும், விற்றுக் கொடுத்த பொருளின் விலைக்கும், வேலையாட்களின் கூலிக்கும் ஓர் ஆண்டு. பெரட்டுக்கு வந்து பெயர் கொடுத்து, செக்ரோலில் நாள் பதிந்து, கூலி வராமல் நின்ற தொழிலாளிக்கு அச்சட்டம் அளித்த காலம் ஓர் ஆண்டு. அவருடைய துரைக்குக் கடன்பத்திரம் எழுதிக் கொடுத்த கொழும்பு வணிகருக்கு ஆறு ஆண்டு. எழுத்து யாரிடம் இருந்ததோ அவரிடமே காலமும் இருந்தது.

பங்குத் தரகர் மீதான வழக்கை இந்த எண்களுக்குள் பொருத்திப் பார்ப்போம். தரகரும் வாடிக்கையாளரும் கையொப்பமிட்ட உடன்படிக்கை இருந்து, அதனைத் தரகர் மீறினார் என்றால் ஆறு ஆண்டு என்று வாதிடலாம். வாய்ச்சொல்லால் இட்ட கட்டளையாயின் மூன்று ஆண்டு. ஏமாற்றினார் என்பதே முறைப்பாடாயின் அது தீங்கு, இரண்டு ஆண்டு. ஒரே நிகழ்ச்சி மூன்று பெயர்களைப் பெறலாம். பெயருக்கேற்பக் காலமும் நீளும் அல்லது குறுகும். வழக்கின் முதல் வரியை எழுதும்போதே பாதி வெற்றியோ தோல்வியோ நிர்ணயமாகிவிடுகிறது. மிகப் பெரிய தவறாகிய வஞ்சனைக்கு மிகக் குறுகிய காலமும், வெறும் உடன்படிக்கை மீறலுக்கு நீண்ட காலமும் அமைந்திருப்பது சட்டம் படியாதவர்க்கு விந்தையாகவே தோன்றும்.

இன்னொரு விதியும் கவனிக்கத்தக்கது. கடன்பட்டவர், "ஆம், தரவேண்டியது உண்டு" என்று ஒப்புக்கொண்டால் காலம் புதிதாகத் தொடங்கும். ஆனால் அந்த ஒப்புதல் எழுத்தில், அவருடைய கையொப்பத்துடன் இருக்கவேண்டும். தரகர் தொலைபேசியில், "கொஞ்சம் பொறுங்கள், அடுத்த மாதம் ஏறிவிடும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எத்தனைமுறை சொன்னாலும் நாட்காட்டியின் ஓர் இதழும் நிற்பதில்லை. அந்த இன்சொல்லைக் கேட்டுப் பொறுத்திருந்தவர்தாம் காலம் கடந்து வந்து நிற்பவர்.

ஆண்டுகளின் எண்ணிக்கையைவிட, அவை தொடங்கும் நாளே முக்கியமானது என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டிய வழக்கு ஒரு நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் புல்லி நிலக்கரிக் கம்பனி, பூமிக்கடியில் எல்லை கடந்து சென்று அயலாருடைய நிலத்தின் கரியை வெட்டி எடுத்துக்கொண்டது. மேலே நின்ற உரிமையாளருக்கு ஒன்றும் தெரியவில்லை. புல் வளர்ந்தது, வேலி நின்றது, உள்ளே நிலம் குடையப்பட்டது. ஆண்டுகள் சென்றபின் உண்மை வெளிப்பட்டபோது, காலம் கடந்துவிட்டது என்று கம்பனி வாதாடியது. 1899ஆம் ஆண்டில் கோமறைக் கழகம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. வஞ்சனையாக மறைத்துச் செய்த செயலைப் பாதிக்கப்பட்டவர் அறியும்வரை, அவருடைய சோம்பலின்றி அது அறியப்படாதிருக்கும்வரை, காலம் அவருக்கு எதிராக ஓடாது என்பது அதன் கொள்கை.

பொல்பிட்டிய மக்களுக்கு இவ்வுவமையை விளக்கவேண்டியதில்லை. 1969ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய அவ்வூர் மின்நிலையத்துக்கு நீர் லக்சபானவிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகவே வருகிறது. மேலே நடப்பவர் காலடியில் ஆறு ஓடுவதை அறியார். தரகு நிறுவனத்தின் கணக்கேட்டுக்குள் நிகழ்வதும் அத்தகையதே. வாடிக்கையாளர் கையில் உள்ள சீட்டில் பங்கின் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். அது யாரிடமிருந்து, என்ன விலைக்கு வந்தது என்பது அடியில் இருக்கும்.

மறைத்த வஞ்சனை பற்றிய இந்நெறியை இந்தியா தன் சட்டத்திலேயே எழுதி வைத்தது. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் அது காணப்படுகிறது. வஞ்சனையைக் கண்டறிந்த நாளோ, தக்க முயற்சி செய்திருந்தால் கண்டறிந்திருக்கக்கூடிய நாளோ, அதுவே தொடக்கம். இலங்கைச் சட்டத்தில் காலத்தை நிறுத்தி வைக்கும் காரணங்களின் வரிசை ஒன்று உண்டு. வயது நிரம்பாமை, சித்த சுவாதீனமின்மை, கடல் கடந்து வெளிநாட்டில் இருத்தல் என்பன அவ்வரிசையில் உள்ளன. அறியாதிருத்தல் அதில் இல்லை. தாயகம் சென்று பல்லாண்டு தங்கியிருந்த துரைக்குக் கடல் ஒரு பாதுகாப்பாக அமைந்தது; அதே கடலைக் கடந்து இங்கு வந்து உழைத்தவர்க்கு அது எவ்விதச் சலுகையும் தரவில்லை. எழுத்தில் இல்லாத இடத்தை ஒப்புரவு நெறி நிரப்பலாமன்றோ என்று ஒருவர் கேட்கலாம். இலங்கை நீதிமன்றங்கள் சட்டத்தையும் ஒப்புரவு நெறியையும் ஒருங்கே செலுத்துவன என்று 1918ஆம் ஆண்டு டொட்வெல் கம்பனியின் வழக்கில் கோமறைக் கழகம் கூறியுள்ளது. ஆகவே வாதத்துக்கு வழி அடைபட்டுவிடவில்லை. ஆனால் சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டக்கூடிய உரிமைக்கும், மூத்த வழக்கறிஞரை அமர்த்தி வாதாடிப் பெறவேண்டிய உரிமைக்கும் இடையே உள்ள தூரத்தைச் சதப் பங்கு வாங்கியவர் எளிதில் கடக்கமாட்டார். அவர் இழந்த தொகை வழக்கறிஞரின் முதல் நாள் கட்டணத்துக்குப் போதாது.

பென்னிப் பங்கு என்னும் பெயரையே உலகுக்குத் தந்த அமெரிக்காவில் இக்கேள்வி வேறு திருப்பங்களைப் பெற்றது. 1954ஆம் ஆண்டளவில் யுரேனியம் தேடும் கம்பனிகளின் பங்குகள் சோல்ட் லேக் நகரில் சில சதங்களுக்கு விற்கப்பட்டன. கடைத்தெருவில் தேநீர் குடிக்க வந்தவரும் வாங்கிச் சென்றனர். 1980களில் தொலைபேசிவழி விற்பனை பெருகியது. வரிசையாக மேசைகள் இட்டு, எழுதிக் கொடுத்த பேச்சை ஒப்புவிக்கும் இளைஞரை அமர்த்தி, முன்பின் அறியாதவர்களை அழைத்து விற்றனர். 1990ஆம் ஆண்டில் காங்கிரஸ் சபை இதற்கெனவே ஒரு சட்டம் இயற்றி, இத்தகைய பங்கின் ஆபத்தையும், வாங்கும் விலை விற்கும் விலை இரண்டையும், தரகருக்குக் கிடைக்கும் ஊதியத்தையும் முன்கூட்டியே வெளிப்படுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது.

மறு ஆண்டே எதிர்பாராத அடி விழுந்தது. 1934ஆம் ஆண்டுப் பங்குப் பரிவர்த்தனைச் சட்டத்தின் கீழ் வஞ்சனைக்காகத் தனியார் தொடுக்கும் வழக்குக்குக் காலஎல்லை எதுவும் அதுவரை எழுதப்பட்டிருக்கவில்லை. நீதிமன்றங்கள் அந்தந்த மாநிலத்தின் சட்டத்தைக் கடன் வாங்கிப் பயன்படுத்தின. 1991இல் லாம்ப் என்பவருடைய பெயரால் வழங்கும் வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் ஒரே அளவை விதித்தது. வஞ்சனையைக் கண்டறிந்து ஓர் ஆண்டு. எவ்வாறாயினும், வஞ்சனை நிகழ்ந்து மூன்று ஆண்டு. இரண்டு கடிகாரங்கள். முதலாவது அறிவைப் பார்த்து ஓடும். இரண்டாவது எதையும் பாராது ஓடும். மூன்று ஆண்டு உண்மையை மறைத்துவிட்டவர் தப்பினார். நிலுவையில் இருந்த வழக்குகள் பல ஒரே தீர்ப்பால் சரிந்தன. காங்கிரஸ் சபை அவ்வாண்டு டிசம்பரிலேயே அவற்றை உயிர்ப்பிக்க ஒரு பிரிவைச் சேர்த்தது. ஆயினும், இறுதித் தீர்ப்பு வந்து முடிந்துபோன வழக்கைச் சட்டமன்றம் மீண்டும் திறக்க இயலாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இடையில் அகப்பட்டவர் அகப்பட்டவரே. பெருங் கம்பனிகள் சிலவற்றின் பொய்க்கணக்குகள் வெளிப்பட்டு நாடே அதிர்ந்தபின், 2002ஆம் ஆண்டில் அவ்வெல்லைகள் இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு என உயர்த்தப்பட்டன. தரகருடன் கையொப்பமிடும் கணக்குப் பத்திரத்தில் நடுத்தீர்ப்புக்குக் கட்டுப்படுவதாக எழுதியிருந்தால், நீதிமன்றம் செல்லாமல் நடுவரிடமே செல்லவேண்டும் என்பது 1987இலேயே முடிவான செய்தி. அந்நடுவர் மன்றத்தின் விதி, நிகழ்ச்சி நடந்து ஆறு ஆண்டு கடந்த முறைப்பாட்டை ஏற்பதில்லை.

இந்தியாவிலும் முறைப்பாடு பங்குச் சந்தையின் நடுவரிடம் செல்லும் முறை நெடுங்காலம் இருந்தது. தேசியப் பங்குச் சந்தையின் விதிகள் அதற்கு ஒருகாலத்தில் ஆறு மாதமே தந்தன. தரகர்களின் சந்தை தானே எழுதிக்கொண்ட விதி அது. 2010ஆம் ஆண்டில், ஒழுங்குபடுத்தும் வாரியமாகிய செபி, பொதுவான காலவரையறைச் சட்டமே நடுவர் மன்றத்துக்கும் பொருந்தும் என்று கட்டளையிட்டது. ஆறு மாதம் மூன்று ஆண்டாயிற்று. ஒரு சுற்றறிக்கை இத்தனை பேருடைய உரிமையை இவ்வளவு நீட்ட முடியுமாயின், அதுவரை அதைக் குறுக்கி வைத்திருந்ததற்கு என்ன அவசியம் இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

மலைநாட்டுக்கு மீள்வோம். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. கம்பனிப் பங்குகளின் கதை அத்துடன் முடிந்தது என்றே பலர் எண்ணினர். முடியவில்லை. 1992இல் அரசு தோட்டங்களின் நிருவாகத்தை இருபதுக்கு மேற்பட்ட பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைத்தது. 1995 முதல் அக்கம்பனிகளின் பெரும்பான்மைப் பங்குகள் தனியாருக்கு விற்கப்பட்டன. அவ்வாறு விற்கும்போது, நூற்றுக்குப் பத்துப் பங்கு ஊழியர்களுக்கு விலையின்றி வழங்கப்பட்டது. கொழுந்து பறித்தவரும் கவ்வாத்து வெட்டியவரும் தம் தோட்டத்தைக் கொண்ட கம்பனியின் பங்குதாரராயினர். கடல் கடந்து வந்த முதற் தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு இம்மலைகளில் எழுத்தால் கிடைத்த முதல் உடைமை பலர் வீட்டில் இதுவாகவே இருந்தது. லயத்துக் காம்பராவில் பிறப்புச் சான்றிதழுடனும் பிரஜாவுரிமைப் பத்திரத்துடனும் இன்னொரு கடதாசியும் தகரப் பெட்டிக்குள் சென்றது.

அக்கடதாசியின் பொருளை அவருக்கு விளக்க வேண்டியவர் யார் என்பதை யாரும் வரையறுக்கவில்லை. பங்கை வைத்திருப்பதா, விற்பதா, யார்மூலம் விற்பது, அன்றைய விலை யாது என்பனவற்றையெல்லாம் அவர் பிறர் வாய்மொழியாகவே கேட்டறிய வேண்டியிருந்தது. 1991 முதல் கொழும்பில் மத்திய வைப்பு முறைமை நடைமுறைக்கு வந்து, பங்குச் சான்றிதழின் இடத்தைக் கணக்குப் பதிவு பிடித்துக்கொண்டது. அதற்குரிய படிவங்களில் ஒருவர் தெரியாத மொழியில் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ இட்டால், அது எழுத்தாலான உடன்படிக்கையாகிவிடுகிறது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்துக்குத் தந்த மதிப்பு இங்கே தலைகீழாகிறது. எழுத்து அவர் கையில் இருக்கிறது. படிக்க வல்லவர் வேறொருவர்.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று போதும். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின் கொழும்புப் பங்குச் சந்தை வியக்கத்தக்க வேகத்தில் எழுந்தது. 2011 பெப்ரவரியில் அனைத்துப் பங்குச் சுட்டெண் 7,800ஐத் தாண்டியது. குறைந்த விலைப் பங்குகளே அதிகம் தாவின. 2012ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் சுட்டெண் 5,000க்குக் கீழே வந்தது. 2011 டிசம்பரிலும் 2012 ஆகஸ்டிலும் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பதவி விலகினர். அட்டனிலோ கினிகத்தேனையிலோ உள்ள ஓர் எழுதுவினைஞரை எண்ணிக்கொள்வோம். 2011 பெப்ரவரியில், தரகரின் பொய்யுரையை நம்பிச் சதப் பங்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். ஏமாற்றம் என்று வழக்கிட்டால் 2013 பெப்ரவரியில் காலம் முடிந்தது. வாய்மொழி உடன்படிக்கை என்றால் 2014. எழுத்து இருந்தால் 2017. பங்கு மீண்டும் ஏறும் என்று அவர் 2015 வரை காத்திருந்திருந்தால், மூன்று கதவுகளுள் இரண்டு அவர் பின்னே சாத்தப்பட்டிருக்கும். அவர் திரும்பிப் பார்த்திருக்கவும் மாட்டார்.

1987ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் பங்குச் சந்தைக்கு ஒரு கண்காணிப்பு மன்றத்தையும், தரகர் கடமை தவறினால் உதவும் இழப்பீட்டு நிதியையும் ஏற்படுத்தியது. அதனை மாற்றி 2021இல் 19ஆம் இலக்கச் சட்டம் வந்தது. குற்றவியல் வழக்கையே பெரிதும் நம்பியிருந்த நிலை மாறி, நிருவாக நடவடிக்கைக்கும் குடியியல் நடவடிக்கைக்கும் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் கிடைத்தது. நல்ல மாற்றமே. ஆயினும் ஆணைக்குழு தன் பெயரால் எடுக்கும் நடவடிக்கை வேறு. பணம் இழந்தவர் தம் பெயரால் தொடுக்கும் வழக்கு வேறு. பின்னதற்கு 1871ஆம் ஆண்டின் எண்களே இன்றும் அளவுகோல்.

அந்த அளவுகோல் வளையாதது என்றும் சொல்லிவிட முடியாது. 2016ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் 5ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அதனை ஒருமுறை வளைத்தது. 1983 மே மாதம் முதல் 2009 மே மாதம் வரை நிலவிய போர்ச் சூழலால் நீதிமன்றம் செல்ல இயலாதிருந்தவர்களுக்கு, அக்காலத்தைக் கணக்கில் எடுக்காது, வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் அளிக்கப்பட்டது. வர இயலாதவனுக்கு எதிராகக் கடிகாரத்தை ஓடவிடுவது தகாது என்பதைச் சட்டம் தானே ஒப்புக்கொண்ட தருணம் அது. ஆனால் அச்சட்டம் காணிக்கும் அதுபோன்ற அசையா உடைமைக்கும் மட்டுமே உரியது. பங்கு அசையும் உடைமை.